ஜில்டோ அத்தானின் வற்றாத ஆறு

என் அக்கா புருஷன் அஸ்த்ரோஜில்டோ ஆற்றை அளக்கிறவர். இப்படிச் சொன்னால் ஏதோ பெரிய உத்தியோகம் மாதிரி காதில் விழும். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஐந்து மணிக்கு ஒரு தடவை, வீட்டுப் படியில் இறங்கிப் போய், தண்ணீரில் நட்டு வைத்திருக்கிற அளவுப் பலகையைப் பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு அட்டையில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. கண் தெரிந்தால் போதும், எண் எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் அத்தான் அதைச் செய்கிற தோரணையைப் பார்க்க வேண்டுமே! சட்டையின் கழுத்துப் பட்டன் வரைக்கும் பூட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பாதிரியார் நற்கருணை கொண்டுபோகிற மாதிரி படியிறங்குவார். அந்த நேரத்தில் குறுக்கே யாராவது பேசிவிட்டால் தொலைந்தார்கள்.

"அத்தான், உங்க கோழி என் மாவுக் கொட்டகையில மேயுது."

"அளவு நேரத்துல கோழி கீழின்னு பேசாத, சொராய்டே."

முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கூத்து நடக்கிறது. காய்ச்சலென்றாலும் இறங்குவார், கொட்டுகிற மழையிலும் இறங்குவார். அவருடைய மூத்த மகன் பிறந்த அன்று அக்கா உள்ளே அலறிக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் மணி ஏழாகிவிட்டது என்று ஆற்றுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து முதலில் கேட்டது பிள்ளை ஆணா பெண்ணா என்று இல்லை. "இருநூத்தி பன்னெண்டு, மூணு சென்டிமீட்டர் ஏறியிருக்கு" என்று எங்களுக்கு அறிவித்தார். அக்கா ஒலிண்டினா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை, நானும் அவளை மன்னிக்க விட்டதில்லை.

எங்கள் ரெமான்சோ பிரனேமா ஆற்றங்கரையில் இருக்கிறது. இரண்டே தெரு. கீழ்த்தெரு ஆற்றோரமாகக் கால்நட்டு நிற்கிற பதினாலு மர வீடு. மேல்தெரு மேட்டின் மேல், நாற்பத்தேழு வீடு, கோயில், பள்ளிக்கூடம், டமாசியோவின் கடை. அத்தான் வீடும் என் வீடும் கீழ்த்தெருவில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. என் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி மாவு வறுக்கிற கொட்டகை. என் புருஷன் செத்த பிறகு அந்த அடுப்புதான் எனக்குச் சோறு போடுகிறது, ஆகையால் அது என் வாயை விடப் பெரிதாக எரியும்.

இப்போது அத்தானுடைய எண்களின் கதைக்கு வருகிறேன். பிரனேமா மழைக்காலத்தில் வீட்டுப் படியின் மேல்கட்டை வரை வந்து எட்டிப் பார்க்கும். ஆகஸ்ட் வந்துவிட்டால் இறங்க ஆரம்பிக்கும். செப்டம்பர், அக்டோபரில் அளவுப் பலகை வெறும் மணலில் நட்டுக்கொண்டு நிற்கும், அதன் காலடியில் நாய் படுத்துத் தூங்கும். தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் மணலில் முந்நூறு அடி நடந்து அக்கரைப் பக்கத்துக் கால்வாய்க்குப் போக வேண்டும். அங்கே ஏதோ முழங்காலளவு ஓடும்.

முதல் வருஷம் அத்தான் நேர்மையாக அட்டையில், "தண்ணீர் பலகையை விட்டுப் போய்விட்டது" என்று எழுதி, மழை பிடித்துப் படகு ஓட ஆரம்பித்ததும் தலைநகரத்து நீர் அலுவலகத்துக்கு அனுப்பினார். நாலு மாதம் கழித்து அடுத்த படகு வந்தபோது, அந்த அட்டை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "எண் மட்டும் எழுதவும்." சரி என்று அடுத்த வருஷம் பூஜ்யம் போட்டார். அதுவும் திரும்பி வந்தது. "பூஜ்யம் ஏற்கப்படாது. அளவர் பணிக்கு வரவில்லை எனக் கருதப்படும்." பணிக்கு வரவில்லையாம்! பிள்ளை பிறந்த அன்றுகூடப் போனவரைப் பார்த்து! மனுஷன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வலை ஊஞ்சலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியாட்களிடம் நாங்கள் இல்லை என்று சொல்லமாட்டோம். வீட்டில் மீன் இல்லையென்றால், "வலை போட்டிருக்கு, இப்ப வந்துரும், உக்காருங்க" என்போம். காபித்தூள் தீர்ந்திருந்தால், "இதோ அடுப்பு மூட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவோம். வந்தவன் போன பிறகு பட்டினி கிடந்தாலும் கிடப்போமே தவிர, வந்தவன் முகத்துக்கு நேரே கையை விரிப்பது எங்களுக்கு அம்மணமாக நிற்கிற மாதிரி. அலுவலகமே, "இல்லை என்று எழுதாதே" என்று சொல்லிவிட்டால் பிறகென்ன, கேட்கவா வேண்டும்?

மூன்றாம் வருஷம் வறட்சி வந்தபோது அத்தான் பென்சிலை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"என்னத்த எழுதுறது ஒலிண்டினா? இல்லைன்னு எழுதவும் கூடாது, பூஜ்யமும் கூடாது. நம்ம ஆத்தப் பத்தி தலைநகரத்துல கேவலமா நினைப்பாங்க."

அக்கா காலில் இருந்த செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது.

"முப்பத்தெட்டுன்னு போடுங்க. கௌரவமாத்தான் இருக்கு."

"தினமும் முப்பத்தெட்டா?"

"ஒரு நாள் முப்பத்தேழு, ஒரு நாள் முப்பத்தொம்பது. எல்லாத்தையும் நான்தான் சொல்லிக் குடுக்கணுமா?"

சிவப்பு மை வரவில்லை. அதற்கடுத்த வருஷம் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் வந்தது. "இடைவிடாத, குறையில்லாத பதிவுகளுக்காக" என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னதற்குத் திட்டு, செருப்பு அளவை எழுதியதற்கு விருது. அதைக் கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். முப்பது வருஷமாகப் பிரனேமா அக்காவின் செருப்புக்குக் கீழே இறங்கவே இல்லை.

ஒரு ஆபீசராவது வறட்சியில் வந்து பார்த்திருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். ஆனால் எப்படி வருவான்? வறட்சியில் படகு வராது, ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆகவே எல்லோரும் மார்ச் மாதத்தில் வருவார்கள், கரை புரண்டு ஓடுகிற ஆற்றைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், அத்தானின் அட்டைகளை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதை யாரும் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணமே ஆற்றில் தண்ணீர் இல்லாததுதான். இந்த அறிவாளிகளிடம்தான் நம் தலையெழுத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின மார்ச்சில் மூன்று படகு வந்தது. ஒரு படகில் ஆட்கள், ஒரு படகில் நாற்காலிகள், ஒரு படகில் வரைபடங்கள். தலைமை ஆள் டாக்டர் பித்தென்கூர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எங்கள் பக்கத்தில் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருக்கிற எவனும் டாக்டர்தான். தெற்கிலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும், மூக்கில் வெள்ளையாக ஏதோ பூசிக்கொண்டு, கடையில் வாங்கின ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். சுவர் முழுக்க ஒரு வரைபடம் விரித்தார்கள். எங்கள் ஆறு, அதன் அண்ணன் தம்பி ஆறுகள், அவை போய்ச் சேருகிற பெரிய ஆறு, எல்லாமாகச் சேர்த்து ஒரு படுகையாம். அந்தப் படுகை முழுக்க எங்கெங்கே அணை கட்டலாம், எங்கெங்கே மின்சாரம் எடுக்கலாம் என்று சிவப்பு முக்கோணம் போட்டிருந்தார்கள். இருபத்து மூன்று முக்கோணம். எங்கள் முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது.

"இந்தப் படுகையிலேயே உங்க ஆறு மாதிரி ஆறு கிடையாது" என்றார் டாக்டர். "மத்த ஆறெல்லாம் வறட்சியில ஏமாத்திடும். பிரனேமா மட்டும் செப்டம்பர்லயும் நிலையா ஓடுது. அதனால தண்ணிய தேக்கி வைக்கவே வேண்டியதில்ல. சின்ன அணை போதும். ஓடுற தண்ணியிலயே சக்கரம் சுத்தும். உங்களுக்குப் பெரிய பாதிப்பு ஒண்ணும் வராது. வெறும் பதினாலு வீடுதான்."

வெறும் பதினாலு. அவர் குச்சியால் காட்டின இடத்தில் நீல வண்ணம் கீழ்த்தெருவை மூடிக்கொண்டு மேட்டுக்குக் கீழே வந்து நின்றிருந்தது. என் மாவுக் கொட்டகை அந்த நீலத்துக்குள்ளே எங்கேயோ இருந்தது.

"அந்த மின்சாரம் எங்களுக்கு வருமா?" என்று கேட்டேன். எங்களுக்கு டீசல் மோட்டாரில் தினமும் மூன்று மணி நேரம்தான் விளக்கு.

"கம்பி உங்க ஊர் மேலதாம்மா போகும்."

"எங்க போகும்?"

"அலுமினிய ஆலைக்கு."

பின்வரிசையில் மேல்தெரு டமாசியோ உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிலும் குஷிதான்.

"கீழ்த்தெருக்காரங்களுக்கு என்ன குறை? இத்தனை நாள் வாசல்ல இருந்த தண்ணி இனிமே அடுப்படிக்கே வரப்போகுது. குடம் தூக்குற வேலை மிச்சம்!"

மேல்தெரு மொத்தமும் சிரித்தது. டாக்டரும் சிரித்தார், நல்ல சகஜமான ஜனங்கள் என்று நினைத்திருப்பார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தத் திட்டமே ஒருத்தரோட உழைப்புலதான் நிக்குது. முப்பத்தோரு வருஷத்துல ஒரு கட்டம்கூடக் காலியா இல்ல. அஸ்த்ரோஜில்டோ பந்தோஜா ஐயா இங்க இருக்காரா?" என்று கேட்டார்.

அத்தான் எழுந்து நின்றார். அவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கீழ்த்தெருவின் பதினாலு வீட்டு ஜனமும் கைதட்டாமல் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் முகம் மாவு சலித்த சாக்கு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்திருக்கும், குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் ஐந்து மணிக்கு அளவெடுக்கப் போனார், அது வேறு. திரும்பி வந்து அவர் அடுப்படியில் உட்கார்ந்ததும் நான் பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

"எப்ப சொல்லப் போறீங்க?"

"எத?"

"எதயா? ஆறு செப்டம்பர்ல எங்க அக்கா செருப்ப போட்டுக்கிட்டு நடக்குதுன்னு!"

"சத்தம் போடாத" என்றாள் அக்கா. "முப்பது வருஷமாப் பொய் எழுதினவன் பொண்டாட்டின்னு என்னை ஊரே காறித் துப்பும். சான்றிதழ வேற மாதா பக்கத்துல மாட்டி வச்சிருக்கு."

"மாதாவுக்கு எல்லாம் தெரியும், சும்மா இரு. அத்தான், நேரா கேக்குறேன். உங்க பேரு பெருசா, பதினாலு வீடு பெருசா?"

அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார். நான் விடவில்லை. என் மாவுக் கொட்டகையைச் சொன்னேன், அவர் பேரப்பிள்ளைகள் குதிக்கிற படித்துறையைச் சொன்னேன், என்னென்னவோ சொன்னேன். கடைசியில், "நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன், உங்க முன்னாடியே, அந்த டாக்டர் கையில செருப்பக் குடுத்து சொல்லுவேன்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எழுந்து போய், அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டுகள், அட்டையில் கிளிப் படம் போட்டவை, ஒரு அடுக்கு. ஒன்றைத் திறந்து காட்டினார். செப்டம்பர் ஒன்று, காலை, பலகைக்குக் கீழே தொண்ணூற்று நாலு. மாலை, தொண்ணூற்றாறு. இப்படியே பக்கம் பக்கமாக.

"இது என்னது அத்தான்?"

"நெசமானது."

வறட்சியில் தினமும் இரண்டு வேளை அவர் மணலில் ஒரு கழியைத் தூக்கிக்கொண்டு அக்கரைக் கால்வாய்க்கு நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷமும் மீன் பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மீனே கொண்டு வராததால் கையாலாகாதவர் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

"அப்புறம் ஏன் இத அனுப்பல?"

"அவங்க கேக்கலையே" என்றார்.

அந்த நிமிஷம் அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது கூட்டம். கருத்துக் கேட்கும் கூட்டமாம். கருத்துக் கேட்பதற்கு முன்னாலேயே அணையின் படத்தை வண்ணத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அத்தான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்து மேட்டில் ஏறினார். பக்கத்தில் நான், தப்பித்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள. அக்கா தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மைக்கைக் கொடுத்தார்கள். அவர் அதை வாய்க்கு எதிரே வைக்காமல் மார்புக்கு எதிரே பிடித்துக்கொண்டு பேசினார், அப்படியும் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"டாக்டர், நான் எழுதினது பொய். ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து நவம்பர் வரைக்கும் நான் எழுதினதெல்லாம் பொய். அந்த மாசங்கள்ல பலகையில தண்ணியே இருக்காது. இல்லைன்னு எழுதினேன், திருப்பி அனுப்புனாங்க. அதுக்கப்புறம் வாய்க்கு வந்ததை எழுதினேன். எங்க ஆறு வத்தாத ஆறுன்னு சொன்னீங்க. அது வத்தும். நல்லாவே வத்தும். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க. ஆனா இந்த எண்ண நம்பி அணை கட்டாதீங்க. நெசமான எண் இதுல இருக்கு."

பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தார். டமாசியோகூட வாயை மூடிக்கொண்டான், அது ஒன்றே அன்றைய சாதனை.

டாக்டர் பித்தென்கூர் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். பக்கத்திலிருந்தவரிடம் குசுகுசுவென்று ஏதோ பேசினார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லா வருஷமும் இருக்கா?" என்று கேட்டார்.

"எட்டாவது வருஷம் ஒரு வாரம் இல்ல. காலரா."

டாக்டர் எழுந்து வந்து அத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். நோட்டுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, நாங்கள் சமைத்து வைத்திருந்த மீனைக்கூடச் சாப்பிடாமல், மத்தியானமே படகேறிவிட்டார்கள். நாற்காலிகளைப் படகில் ஏற்றும்போது ஒன்று தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக்கூட யாரும் நிற்கவில்லை. பயந்து ஓடுகிறார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

கீழ்த்தெருவுக்கு அன்று திருவிழாதான். பதினாலு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அத்தானைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் வந்தார்கள். அவர் இறக்கிவிடுங்கள் இறக்கிவிடுங்கள், மணி ஐந்தாகப் போகிறது என்று கத்திக்கொண்டே போனார். டமாசியோ ஒரு புட்டி கரும்புச் சாராயத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஜில்டோ அண்ணே, இந்த ஊர்ல ஆம்பளைன்னா நீங்கதான். நான் உங்களத் தப்பா நினைச்சிட்டேன்" என்றான். மேல்தெருப் பெண்கள் அக்காவுக்கு அப்பம் கொண்டுவந்தார்கள். காறித் துப்புவார்கள் என்றாளே, ஒருத்தியும் துப்பவில்லை. நான் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னேன். என்ன கதை? அத்தான் எப்படிப் பேசினார் என்கிற கதை. அவரைப் பேச வைத்தது யார் என்பதையும் நடுநடுவே சொல்லியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை, சத்தியமாக இல்லை. அவருடைய நாள் அது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. அவரைப் பேச வைத்ததற்குப் பின்னால் வேறு விதமாகக் கூலி கிடைத்தது.

ஜூன் வந்தது, ஒரு செய்தியும் இல்லை. ஆகஸ்டில் ஆறு இறங்கியது. செப்டம்பரில் நாய் வந்து பலகையடியில் படுத்தது. அந்த நாயை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. திட்டம் செத்துவிட்டது என்று எல்லாருமே முடிவுகட்டிவிட்டோம். வேறு முக்கோணத்துக்குப் போயிருப்பார்கள், மீதி இருபத்திரண்டு முக்கோணம் இருக்கிறதே. நான் மாவுக் கொட்டகைக்குப் புதுசாக ஓலை வேய்ந்தேன். அடுப்பைப் பெரிசாக்கினேன். அத்தான் அட்டையில் இத்தனை வருஷத்துக்குப் பிறகு "பலகைக்குக் கீழே" என்று நிஜத்தை எழுத ஆரம்பித்தார். எழுதிவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரியில் படகு வந்தது. இந்தத் தடவை ஐந்து.

அதே பள்ளிக்கூடம், அதே சுவர். வரைபடம் மட்டும் புதுசு. டாக்டர் பித்தென்கூர் இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் அப்படியொரு பிரகாசம், பரீட்சையில் தேறின பையனுக்கு இருக்குமே, அப்படி. குச்சியை எடுத்தார்.

"முதல்ல இந்த ஊருக்கு நன்றி சொல்லணும். போன வருஷம் அஸ்த்ரோஜில்டோ ஐயா குடுத்த நோட்டு இல்லைன்னா நாங்க ரொம்பப் பெரிய தப்பு பண்ணியிருப்போம். சின்ன அணையக் கட்டிட்டு, வறட்சியில சக்கரம் சுத்தாம ஆலை நின்னு போயிருக்கும். இப்ப எங்களுக்கு உண்மை தெரியும். உங்க ஆறு வறட்சியில போதாது."

"அப்ப கட்டலைதானே?" என்று கேட்டது நான்தான்.

"கட்டறோம்மா. ஆனா இப்ப சரியாக் கட்டறோம். மழைக்காலத்துத் தண்ணிய வறட்சிக்குத் தேக்கி வைக்கணும் இல்லையா? அதனால அணைய ஒம்பது மீட்டர் உயர்த்தியிருக்கு."

குச்சி மேலே போனது. நீலம் கீழ்த்தெருவை மூடி, மேடேறி, கோயிலை மூடி, பள்ளிக்கூடத்தை மூடி, அதாவது நாங்கள் உட்கார்ந்திருந்த இந்தக் கூடத்தையே மூடி, டமாசியோவின் கடையையும் தாண்டி, பின்னால் இருக்கிற மரவள்ளிக் காட்டுக்குள்ளே போய்த்தான் நின்றது. அறுபத்தோரு வீடு. ரெமான்சோ முழுக்க.

"வேற ஆறு ஏதாவது..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"மத்த ஆறுகளுக்கு இந்த மாதிரி நம்பகமான எண் கிடையாது" என்றார் டாக்டர். "எந்த ஆத்தப் பத்தி நல்லாத் தெரியுமோ, அதுலதானே கட்ட முடியும்? முப்பத்தோரு வருஷ நிஜமான அளவு இந்தப் படுகையில உங்க ஆத்துக்கு மட்டும்தான் இருக்கு."

மறுபடியும் கைதட்டினார்கள், அவர்கள் மட்டும். டாக்டர் ஒரு புதுச் சான்றிதழை நீட்டினார், முந்தினதை விடப் பெரிது. அத்தான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், பாவம், கொடுத்ததை வாங்காமல் இருக்கத் தெரியாது அவருக்கு. அந்தச் சட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். என் பக்கமே அவர் திரும்பவில்லை.

நான் வீட்டுக்கு வந்து புது ஓலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாலு வீட்டைக் காப்பாற்றப் போய் நாற்பத்தேழு வீட்டைச் சேர்த்து மூழ்கடித்தாயிற்று. என்ன சாமர்த்தியம், சொராய்டே, என்ன சாமர்த்தியம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். மேல்தெருக்காரர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். யாரும் அத்தானுக்கு வணக்கம் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்ததும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டமாசியோ முன்னால் வந்தான். சண்டைக்கு வந்தால் நன்றாயிருந்திருக்கும், நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அவன் கத்தவில்லை. அவன் அப்பா கட்டின கடை அது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஜில்டோ அண்ணே, நான் உங்களத் திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முப்பது வருஷம் வாயத் தொறக்காத மனுஷன் நீங்க. இத சொல்லணும்னு உங்களுக்கு யார் புத்தி சொன்னது? அந்த ஆள மட்டும் எனக்குக் காட்டுங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், என் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

"யாரும் சொல்லல, டமாசியோ" என்றார் அத்தான். "நானா யோசிச்சு நானா சொன்னதுதான்."

டமாசியோ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள், அத்தானைச் சுற்றிக்கொண்டு, அவர் மேல் படாமல். அத்தனை பேரும் போகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான்தான் சொல்லச் சொன்னேன் என்று நாலு வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை.